தாருக்கு அடியில் கிடக்கும் திருவிதாங்கூர் ரோடு

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டு முன்னால் போவது பழைய நாற்பத்தேழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. வளைவை நேராக்கியபோது இதை ஒதுக்கிவிட்டார்கள். இப்போது ஆட்டோவும் பள்ளிக்கூட வேனும்தான் வருகின்றன. தார் போட்டு ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ரோட்டுக்குக் குறுக்கே நேர்நேராக விரிசல். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அளந்து வைத்தாற்போல ஒரே இடைவெளி. 'அடியில ராஜா காலத்து சிமெண்ட் ரோடு கிடக்கு, அதான்' என்கிறார் மாமனார். அடியில் கிடக்கும் சிமெண்ட் எப்படி மேலே இருக்கும் தாரைக் கிழிக்கும்?"

மாமனார் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சம இடைவெளியில் நேர்கோடாக வரும் விரிசலுக்கு வேறு காரணம் தேடுவது கஷ்டம். ஆனால் எப்படிக் கிழிக்கும் என்ற கேள்வி லேசானது இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு போனால் வெயிலில்தான் போய் நிற்போம்.

முதலில் ரோட்டைப் பற்றிக் கொஞ்சம். களியக்காவிளையில் நுழைந்து குழித்துறை, மார்த்தாண்டம், அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம், நாகர்கோவில், சுசீந்திரம், கொட்டாரம் என்று கன்னியாகுமரியில் போய் முடிகிற வழி இது. பத்மநாபபுரம் அரண்மனைக்கும் உதயகிரிக் கோட்டைக்கும் இதிலிருந்துதான் திரும்பவேண்டும். இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்த சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில், சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது, திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை இதற்கு சிமெண்ட் கான்கிரீட் போட்டார்கள். சுமார் 85 கிலோமீட்டர். நாட்டின் பெரும்பாலான ரோடுகள் சரளையும் செம்மண்ணுமாகக் கிடந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். திருவிதாங்கூர் அரசு தன் சொந்த பஸ் சர்வீஸை 1938 பிப்ரவரியில் தொடங்கியபோது திருவனந்தபுரம்–நாகர்கோவில் தடம் முதல் தடங்களில் ஒன்றாக இருந்தது.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ரோட்டின் ஒரு பாதி ஒரு மாநிலத்துக்கும் மறுபாதி இன்னொன்றுக்கும் போனது. பிறகு அது தேசிய நெடுஞ்சாலை 47இன் வால்பகுதி ஆயிற்று. சேலத்தில் புறப்பட்டு கோவை, பாலக்காடு, திருச்சூர், கொச்சி, திருவனந்தபுரம் வழியாக வரும் நாற்பத்தேழு. நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள். 2010இல் நாடு முழுவதும் எண்களை மாற்றியபோது அது போய்விட்டது. வடக்கு தெற்காகப் போகும் பெருஞ்சாலைகளுக்கு இரட்டைப்படை எண், அது கிழக்கிலிருந்து மேற்கே போகப்போகக் கூடும் என்பது புது ஒழுங்கு. அதன்படி மும்பைக்குப் பக்கத்துப் பன்வேலிலிருந்து மேற்குக் கரையோடு இறங்கி வரும் 66இல் நம் துண்டு சேர்ந்தது. வாரணாசியிலிருந்து வந்த பழைய 7, ஸ்ரீநகரிலிருந்து வரும் 44 ஆயிற்று. நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு போகும் 47பி, 44இன் கிளை என்பதால் 944 ஆயிற்று. இப்போது நான்குவழிச் சாலை வேறு தடத்தில், வயலையும் குளத்தையும் கடந்து வந்துகொண்டிருக்கிறது. பழைய ரோடு மெல்ல மெல்ல ஊர் ரோடாகிறது. எண் போய், போக்குவரத்து குறைந்து, தார் மேல் தார் ஏறி, அடியில் அந்தக் கான்கிரீட் பல இடங்களில் இன்னும் கிடக்கிறது.

அந்தக் கான்கிரீட் நெடுநாள் நின்றதைப் பற்றி நம் பக்கத்தில் ஒரு கதை உண்டு. கருப்பட்டியும் முட்டையும் சேர்த்துக் கலக்கினார்களாம், அதனால்தான் அப்படி நின்றதாம். பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரையில் கருப்பட்டித் தண்ணீர் சேர்த்ததுண்டு, அங்கே அதற்கு வேலையும் உண்டு. சிமெண்டில் கதையே வேறு. சர்க்கரை சிமெண்டை இறுக விடாது. சிமெண்ட் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே இறுகுவது நன்றாகத் தள்ளிப்போகும். நூற்றில் ஒரு பங்கு சேர்ந்தால் மறுநாள் வந்து பார்த்தாலும் கலவை குழைவாகவே இருக்கக்கூடும். கருப்பட்டி கலந்திருந்தால் அந்த ரோடு உருவாகியே இருக்காது. அது நின்றதற்கு இரண்டு நேர்மையான காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காலத்து சிமெண்டை இன்றைக்கு அரைப்பதுபோல அவ்வளவு மாவாக அரைக்க மாட்டார்கள். அதனால் அது மெதுவாக இறுகி, வருடக்கணக்கில் வலு ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது, அன்றைய வண்டிகள் லேசானவை. ஒரு அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்துக் கண்ட கணக்கு இது. இன்று எம்-சாண்ட் ஏற்றிப்போகும் ஒரு டாரஸ் லாரி செய்வதை அன்றைய பஸ்கள் எத்தனை நாள் ஓடினாலும் செய்திருக்க முடியாது.

சரி, வெயிலுக்கு வருவோம்.

சூடானால் பொருள் விரியும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கான்கிரீட்டுக்கு அந்தக் கணக்கு எளிது: ஒரு மீட்டர் நீளம், ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விரியும். 10 மீட்டர் நீளக் கான்கிரீட் பலகை 10 டிகிரி ஏறினால் ஒரு மில்லிமீட்டர். இதனால்தான் கான்கிரீட் ரோட்டை ஒரே நீளமாக வார்க்காமல் பலகை பலகையாகப் பிரித்து, நடுவில் இணைப்பு விடுகிறார்கள். கையால் வார்த்த காலத்தில் ஒன்றுவிட்டு ஒரு பலகையாக வார்ப்பார்கள். முதலில் வார்த்தது காய்ந்து சுருங்கிய பிறகுதான் இடையில் உள்ளதை நிரப்புவார்கள். இன்றைக்கு நீளமாக வார்த்துவிட்டு, சில மணி நேரத்துக்குள் வைரப்பல் ரம்பத்தால் மேலே மட்டும் கீறிவிடுகிறார்கள். கனத்தில் மூன்றிலோ நான்கிலோ ஒரு பங்குதான் கீறுவது. மீதியைக் கான்கிரீட்டே சுருங்கும்போது அந்த இடத்தில் பிளந்துகொள்ளும். எப்படியும் உடையப்போகிறது, நாம் சொன்ன இடத்தில் உடையட்டும் என்கிற ஏற்பாடு.

இதுவரை புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். எனக்குப் பிடித்த விஷயம் இதற்கு அடுத்தது. பலகை முழுவதும் ஒரே சூடாக ஏறுவதில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்முகம் தகிக்கும், மண்ணைத் தொடும் அடிமுகம் குளிர்ந்தே இருக்கும். 20 சென்டிமீட்டர் கனமுள்ள பலகையில் மேலுக்கும் கீழுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். மேல் விரிகிறது, கீழ் விரியவில்லை. என்ன ஆகும்? பலகை வளையும். நடு மேலே எழும்பும், ஓரங்கள் கீழே அழுந்தும். இரவில் இதன் தலைகீழ். மேல்முகம் பனியில் சீக்கிரம் குளிர்ந்துவிடும், அடி பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அப்போது நான்கு மூலைகளும் மேலே தூக்கும். கல்லைப்போல் அசையாமல் கிடப்பதாக நாம் நினைக்கும் ரோடு, தினமும் ஒரு தடவை இப்படியும் ஒரு தடவை அப்படியும் வளைந்துகொண்டிருக்கிறது.

எவ்வளவு வளையும்? மேலே சொன்ன கணக்கில், எடையே இல்லாத பலகையாக இருந்தால், நாலரை மீட்டர் நீளத்துக்கு நடுவுக்கும் ஓரத்துக்கும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உயர வித்தியாசம் வரும். நீளத்தைப் பத்து மீட்டராக்கினால் 2 மில்லிமீட்டர் நாலரை ஆகும் என்று தோன்றலாம். ஆகாது, ஒன்பதைத் தாண்டும். வளைவு நீளத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. குட்டைப் பலகை பிழைப்பதும் நீளப் பலகை நடுவில் உடைவதும் இந்த வர்க்கத்தால்தான்.

ஆனால் பலகைக்கு எடை உண்டு. ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ. பலகை வளையப் பார்க்கிறது, அதன் எடையே அதைத் தரையோடு அமுக்குகிறது. இந்தப் போராட்டம் உள்ளே இழுவிசையாக மாறுகிறது. நீளப் பலகையில், வளைய விடாமல் முழுவதும் அமுக்கிவைத்தால், அடிமுகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 27 கிலோ இழுவிசை வரும். நல்ல ரோட்டுக் கான்கிரீட் வளைவில் தாங்குவதே சுமார் 45 கிலோ. கவனியுங்கள், இன்னும் ஒரு லாரியும் வரவில்லை. ரோட்டின் வலுவில் பாதிக்கு மேல் வெயிலே எடுத்துக்கொண்டுவிட்டது. இதைப் படித்த நாளில் எனக்கு வந்த வியப்பு இன்னும் அடங்கவில்லை.

இப்போது லாரி வரட்டும். மத்தியானத்தில் நடுப்பலகையின் அடிமுகம் ஏற்கெனவே இழுபட்டு நிற்கிறது. லாரி நடுவில் ஏறினால் அதுவும் அடிமுகத்தைத்தான் இழுக்கும். இரண்டும் கூடும், விரிசல் அடியிலிருந்து மேலே வரும். இரவில் மூலைகள் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் நிற்கின்றன. அப்போது லாரிச் சக்கரம் மூலையில் ஏறினால் மேல்முகம் இழுபடும், மூலை மேலிருந்து கீழாக ஒடியும். ஒரே ரோடு, பகலில் ஒரு இடத்தில் பலவீனம், இரவில் வேறு இடத்தில். இதைக் கணக்காக எழுதிக்காட்டியவர் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த வெஸ்டர்கார்டு. 1920களில் அவர் போட்ட சமன்பாடுகளின் வழியில்தான் இன்றும் நம் பொறியாளர்கள் பலகைக் கனத்தைத் தீர்மானிக்கிறார்கள்.

இணைப்பில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. லாரி ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பாரத்தை இரண்டும் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஆனால் இரண்டும் தனித்தனியாக விரியவும் சுருங்கவும் வேண்டும். இதற்கு டவல் பார் என்று ஒரு வழவழப்பான உருட்டுக் கம்பியைப் பலகையின் நடுக்கனத்தில் கிடையாக வைப்பார்கள். அரை மீட்டர் நீளம், கட்டைவிரல் கனம் அல்லது அதற்கும் மேல், ஓரடி இடைவெளிக்கு ஒன்றாக வரிசை. வீட்டுக் கூரைக்குப் போடுகிற முறுக்குக் கம்பி இங்கே உதவாது. ஒரு பாதியைக் கான்கிரீட் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மறுபாதியில் கிரீஸோ தாரோ பூசி வைப்பார்கள், அது உள்ளே வழுக்கும். மேலும் கீழும் சேர்ந்து அசை, முன்னும் பின்னும் தனியாகப் போ என்று அந்தக் கம்பி இரண்டு பலகைக்கும் சொல்கிறது. கம்பி கொஞ்சம் சரிவாக வைக்கப்பட்டாலோ, துருப்பிடித்து உள்ளே இறுகிவிட்டாலோ வழுக்குவது நின்றுபோகும். அப்புறம் இணைப்புக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விழும்.

நம் குமரி மாவட்டத்துக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது: இரண்டு மழைக்காலம். தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. எழும்பி நிற்கும் மூலைக்கு அடியில் இணைப்பு வழியாகத் தண்ணீர் இறங்கும். லாரி வந்து மூலையை அமுக்கும்போது அந்தத் தண்ணீர் அடியிலுள்ள நைஸ் மண்ணையும் கரைத்துக்கொண்டு பீச்சி வெளியே வரும். மழை விட்டபின் இணைப்பு ஓரத்தில் செம்மண் கறை படிந்திருந்தால் அது இந்த வேலைதான். வண்டி அடுத்து ஏறுகிற முன்பலகையின் அடியிலிருந்து மண், அது விட்டுவந்த பின்பலகையின் அடிக்கு ஒதுங்கும். நாளடைவில் பின்பலகை சற்று உயரும், முன்பலகை தாழும். அதனால்தான் கான்கிரீட் ரோட்டில் போகும்போது இணைப்பு தோறும் 'தட் தட்' என்று இறங்குவதுபோல ஒரு சத்தம். இதில் எனக்குப் பெரிய சந்தோஷம் தருவது ஒன்று: கைவிடப்பட்ட ஒரு கான்கிரீட் ரோட்டில் இந்தப் படியைத் தடவிப் பார்த்தே வண்டிகள் எந்தத் திசையில் போயின என்று சொல்லிவிடலாம்.

இனி வாசகியின் தார். இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டு மேலே ஒரே விரிப்பை விரித்தால், யாராவது புரண்டு படுக்கும்போது விரிப்பு முழுவதும் ஒரே மாதிரி இழுபடுவதில்லை. இடுக்குக்கு நேர் மேலே மட்டும் இழுபடும். தாரும் அப்படித்தான். பலகைகளோடு அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பலகை சுருங்கும்போது இணைப்பு ஒரு மில்லிமீட்டர் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மில்லிமீட்டரைப் பத்து மீட்டர் தாரும் பங்குபோட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் இணைப்புக்கு மேலே இருக்கிற சில மில்லிமீட்டர் தார் மட்டுமே அத்தனையையும் ஏற்க வேண்டியிருக்கிறது. அதுவும் தினமும், வருஷத்துக்கு 365 தடவை. கூடவே வண்டி போகும்போதெல்லாம் ஒரு பலகை தாழ்ந்து மற்றது தாழாமல் நிற்க, தார் கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல வெட்டுப்படுகிறது.

புதுத் தாருக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாக இழுத்தால் நீண்டு கொடுக்கும், வெடுக்கென்று இழுத்தால் முறியும். வெயிலும் காற்றும் பட்டு அதிலுள்ள எண்ணெய்ப் பசை போகப்போக, மெதுவான இழுப்புக்கும் முறியத் தொடங்கும். விரிசல் அடியிலிருந்து கிளம்பி மேலே ஏறும். வருஷத்துக்கு ஓர் அங்குலம் ஏறும் என்று ரோட்டுப் பொறியாளர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு. ஐந்து சென்டிமீட்டர் தாருக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம். வாசகி சொன்னதும் அதையொட்டித்தான் இருக்கிறது. மேலே இன்னொரு தார் போட்டாலும் மறுபடி அதே இடத்தில் அதே கோடு எழும். கீழே அசைகிற ஒன்றை அசையாமல் செய்யாதவரை அது நிற்காது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தார் போடுமுன் இணைப்பைச் சுத்தம் செய்து அடைக்கலாம், மேலே ஜியோ துணி என்கிற செயற்கை இழைத் துணியை விரிக்கலாம், கனமாகத் தார் போடலாம். இவை எல்லாம் தள்ளிப்போடும் வழிகள். ஒரேயடியாகத் தீர்க்க வேண்டுமென்றால் பழைய பலகையைக் கனமான சுத்தியல் இயந்திரத்தால் சிறு துண்டுகளாக நொறுக்கி, உருளையால் அமுக்கி, அதையே அடித்தளமாக்கி மேலே தார் போடவேண்டும். துண்டு சிறிதானால் அசைவும் சிறிதாகும். மேலே படித்த அந்த வர்க்கக் கணக்கு இங்கே நமக்கு உதவிக்கு வருகிறது.

இந்த இடத்தில் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பழைய ரோட்டில் சில வளைவுகளைப் பற்றி 'அங்க ஒண்ணு நிக்குது' என்று சொல்லி, எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போகிறோம். அடிக்கடி விபத்து நடக்கும் வளைவில் பார்க்க வேண்டியவை வேறு: வெளிப்பக்கம் போதிய அளவு உயர்த்தப்பட்டிருக்கிறதா, இணைப்பில் படி விழுந்திருக்கிறதா, மழைத் தண்ணீர் வழிந்தோடுகிறதா, தார் வழவழத்துப் போயிருக்கிறதா. நான்கையும் ஒரு மட்டக்கோலும் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தால் சோதித்துவிடலாம். உடைத்த பூசணிக்காயோ பின்னால் வருகிற டூவீலர்க்காரனைச் சறுக்கிவிடும். செத்தவர்களின் மேல் மரியாதை இருந்தால் அளவெடுக்க வேண்டும்.

அளவெடுக்கத்தான் நம்மிடம் காசு ஒதுக்குவதில்லை. டில்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் 1952 முதல் இருக்கிறது, அங்கே நல்ல வேலை நடக்கிறது. ஆனால் நம் வெயிலும் நம் மழையும் டில்லியினுடையவை இல்லை. ரோடு போட ஆகும் செலவில் ஒரு துளியைக் கொண்டு, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு பலகைக்குள் மேலும் கீழும் வெப்பமானி புதைத்து, வருஷக்கணக்கில் குறித்துவைக்கலாம். அடுத்த ரோட்டின் கனத்தை அந்த எண்கள் தீர்மானிக்கட்டும். புது ரோட்டுக்கு ரிப்பன் வெட்ட எல்லோரும் வருவார்கள். வெப்பமானி புதைக்க யாராவது வந்தால் அவருக்குத்தான் நான் முதலில் மாலை போடுவேன்.

பழைய நாற்பத்தேழை இதற்காகவே கேட்கிறேன். நான்குவழிச் சாலை வந்தபின் ஒதுங்கும் துண்டுகளைத் தோண்டி எறியுமுன், இடத்துக்கு இடம் சோதனைக்காக உருளை வடிவத் துண்டு எடுக்க வேண்டும். பத்து அல்லது பதினைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வைரப்பல் குழாயால் துளைத்து எடுக்கும் அந்த உருளையைக் கையில் வைத்துப் பார்த்தால், மேலே கறுப்பு, அதன்கீழ் வேறொரு கறுப்பு, ஒவ்வொன்றும் ஒரு காலத்துத் தார்; அடியில் சாம்பல் நிறத்தில் கான்கிரீட், அதில் வெட்டுப்பட்ட கருங்கல் ஜல்லியின் பளபளப்பு. அதை அழுத்தி உடைத்துப் பார்த்தால், இத்தனை வெயிலுக்கும் மழைக்கும் பிறகு எவ்வளவு வலு மிச்சமிருக்கிறது என்று தெரியும். தெற்குக் கோடியின் தட்பவெப்பத்தில் இவ்வளவு வயதான ரோட்டுக் கான்கிரீட் வேறெங்கே கிடைக்கும்?

தக்கலை வாசகிக்கு ஒன்று. கோடுகளுக்கு நடுவில் டேப் வைத்து ஐந்தாறு இடத்தில் அளந்துபாருங்கள். சமமாக இருந்தால் அதுதான் ராஜா காலத்துப் பலகையின் நீளம், மாமனாரிடம் சொல்லுங்கள். விரிசல் அழுக்கில்லாமல் இருக்கும் ஓர் இடத்தில் ஹேக்சா பிளேடை விடியற்காலையில் ஒருமுறை, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒருமுறை நுழைத்துப் பாருங்கள். காலையில் தாராளமாக இறங்கி, மத்தியானம் இறுகினால், கீழே பலகை இன்னும் உடையாமல் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த தடவை தார் போட வருகிற கான்ட்ராக்டரிடம் இணைப்பை முதலில் அடைக்கச் சொல்லிக் கேளுங்கள்.